தூக்கத்துக்கு மசாஜ்: எட்டு சிட்டிங் பார்க்கலாம், கையில் நோட்டுப் புத்தகத்தோடு

மாத்திரை இல்லாமல் தூங்க வழி தேடுகிறவர்களிடம் விற்கப்படும் கைச்சிகிச்சைகள் நான்கைந்து வகை. எண்ணெய் போட்டு நீவும் மசாஜ், பிசியோதெரபிஸ்ட் கையால் தசையையும் மூட்டையும் தளர்த்துவது, ஆஸ்டியோபதிக்காரர்களின் மண்டையோட்டுச் சிகிச்சை, கைரோபிராக்டிக்கில் கழுத்தைச் சொடுக்குவது, பாதத்தில் புள்ளி பார்த்து அழுத்தும் ரிஃப்ளெக்சாலஜி. பலகையில் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கும்: ஆழ்ந்த உறக்கம். உள்ளே இருப்பதோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சரக்கு. எது தேறும், எது தேறாது, காசு கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கழுத்து, தோள், இடுப்பு வலியால் தூக்கம் கெட்டவருக்கும், படுத்த பிறகும் தாடை இறுகி, தோள் காதருகே ஏறி நிற்கிறவருக்கும் மெதுவான, நீளமான மசாஜ் பயன் தரும். வலி எதுவும் இல்லை, ‘இன்றைக்காவது தூக்கம் வருமா’ என்ற கவலையே தூக்கத்தைக் கெடுக்கிறது என்பவருக்கு அது அன்றைய இரவை மட்டும் கொஞ்சம் சுலபமாக்கும். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும். குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. அவர் போக வேண்டிய இடம் தூக்கப் பரிசோதனைக் கூடம்.

கை உண்மையில் என்ன செய்கிறது

உடம்பிலுள்ள நச்சை மசாஜ் வெளியேற்றும், அதனால் தூக்கம் வரும் என்று சொல்கிற இடத்தில் உஷாராக இருங்கள். அந்த வேலையைச் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். முதுகைப் பிசைந்து அதைச் செய்துவிட முடியாது. சிட்டிங் முடிந்ததும் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொடுத்து ‘எல்லாம் வெளியே போய்விடும்’ என்பார்கள். போகத்தான் போகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு, கூடவே தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு.

கார்ட்டிசோல் கதையும் அப்படித்தான். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் மசாஜால் பெருமளவு குறைகிறது என்று விளம்பரங்களில் அடிக்கடி வரும். 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. குறைவது மிகச் சொற்பம், பெரும்பாலும் பூஜ்ஜியத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு என்பதே அதன் முடிவு. பதற்றமும் வலியும் குறைவது நிஜம். அதற்குக் காரணம் வேறு.

காரணங்களில் தூக்கத்துக்கு மிக நெருக்கமானது மெதுவான தொடுதல். முடி இருக்கும் தோலில், அதாவது முதுகு, கை, தொடை, முகம் ஆகிய இடங்களில், சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. எங்கே, என்ன படுகிறது என்ற தகவலை இவை அவ்வளவாகக் கொண்டுபோவதில்லை. தொடுதல் இதமாக இருக்கிறதா என்பதைத்தான் சொல்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் நீவினால்தான் அவை நன்றாகத் துடிக்கும். அதைவிட வேகமானாலும் மெதுவானாலும் பதில் குறைகிறது. நீவும் பொருள் தோலின் சூட்டிலேயே, அதாவது சுமார் 32 டிகிரி செல்சியஸில், இருந்தால் பதில் அதிகம். சில்லென்ற கையும் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிய எண்ணெயும் அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

அடுத்தது சூடு. தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அது இறங்கும் வழி கை கால்கள். அங்கே ரத்தக்குழாய் விரிந்தால் உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியேறும். பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்று 1999-இலேயே ஒரு சுவிஸ் குழு அளந்து காட்டியது. பாத மசாஜ் செய்தால் தூக்கம் வருகிறது என்று பலர் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். குதிகாலுக்கும் குடலுக்கும் கோடு போட்ட ரிஃப்ளெக்சாலஜி வரைபடம் தேவையில்லை.

மூன்றாவதாக வலி. இது பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டும் என்பது தெரிந்ததே. ஆனால் 2013-இல் வந்த ஒரு மீளாய்வின்படி, தூக்கம் கெட்டால் பின்னால் வலி கூடும் என்பதற்கான ஆதாரம்தான் மறுதிசை ஆதாரத்தைவிட வலுவானது. ஆகவே கழுத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, இரவு ஒரு மணிவரை போனோடு படுத்திருந்தால் அந்தக் கழுத்து திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

நல்ல இடத்தில் முதல் ஐந்து நிமிடம் கை படாது, கேள்விதான் வரும். படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது? நடுவில் விழிப்பா, விடியுமுன் விழிப்பா? குறட்டை உண்டா? மாலையில் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், தலையணை எவ்வளவு உயரம்? இவற்றில் ஒன்றையும் கேட்காமல் ‘எந்த எண்ணெய் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால், வாசனையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது, மற்றபடி எல்லாருக்கும் ஒரே சமையல் என்று அர்த்தம்.

பிறகு குப்புறப் படுக்க வைப்பார்கள். முகம் வைக்கும் வளையத்தைக் கவனியுங்கள். அது மேசை மட்டத்தைவிட ஒரு விரலளவு தாழ்ந்து, நெற்றிப் பக்கம் லேசாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். மேலே தூக்கி நின்றால் கழுத்து பின்னால் மடங்கும். எந்தத் தசையைத் தளர்த்தப் போகிறார்களோ அதையே ஒரு மணி நேரம் சுருக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். கணுக்காலுக்குக் கீழே ஒரு உருளைத் தலையணை இல்லாவிட்டால் இடுப்பு இழுக்கும். சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் குப்புறக் கிடந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அன்று இரவு வாயால் மூச்சுவிட்டுப் படுத்து, மசாஜால்தான் தூக்கம் கெட்டது என்று முடிவுகட்டுவார்கள். அவர்களைப் பாதி நேரத்திலேயே மல்லாக்கத் திருப்பிவிடுவது நல்லது.

வேகத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கழுத்தடியிலிருந்து இடுப்புவரை சுமார் 45 செ.மீ. நொடிக்கு 3 செ.மீ. என்றால் ஒரு நீவலுக்குப் பதினைந்து நொடி. படுத்தபடியே மனதுக்குள் எண்ணுங்கள். அவசரக் கை இரண்டு மூன்று நொடியில் இடுப்பைத் தொட்டுவிடும். அது விளையாட்டுக்கு முன் தசையைச் சூடாக்கும் வேகம்; தூங்க வைக்கிற வேகம் இல்லை. எட்டு வரைக்குமாவது எண்ண முடிந்தால் சரியான கை. முடியவில்லையா, ‘பாதி வேகம் போதும்’ என்று சொல்லிவிடுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அழுத்தத்துக்கு பத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து. வலி என்று சொல்லுமுன்பே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். கை ஓரிடத்தில் இறங்கும்போது உங்களை அறியாமல் மூச்சைப் பிடிக்கிறீர்கள், கால் விரல் சுருள்கிறது என்றால் அழுத்தம் கூடிவிட்டது; உடம்பு தற்காப்புக்குப் போய்விட்டது. ‘முடிச்சை உடைக்கிறேன்’ என்று முழங்கையை ஊன்றுகிறவரிடம் தூக்கத்துக்காகப் போகாதீர்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் விழிப்பு வரும். பதினைந்து நாளாகக் கூட்டிய தூக்கத்தை அந்த இரண்டு இரவு தின்றுவிடும்.

முழு சிட்டிங்கிலும் தூக்கத்துக்கு அதிகம் கொடுப்பது கடைசிப் பத்து நிமிடம்தான் என்பது எங்கள் கருத்து. அதை விவரமாகவே சொல்லலாம். மல்லாக்கப் படுத்திருக்கிறீர்கள், முழங்காலுக்கு அடியில் உருளை. சிகிச்சையாளர் தலைமாட்டில் உட்கார்ந்து, முன்னங்கைகளை மேசைமேல் வைத்து, இரண்டு கை விரல்களையும் மடக்கிப் பிடரிக்குக் கீழே நுழைக்கிறார். விரல் நுனி நிற்க வேண்டிய இடம், பின்மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் மெத்தென்ற பள்ளம். தலையின் கனம் முழுவதும் அந்த எட்டு விரல் நுனியில் இறங்கும். அவர் மேலே அழுத்துவதில்லை. தலைதான் கீழே அழுத்துகிறது. முதலில் தசை விரலை எதிர்த்து நிற்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கழித்துத் தலை திடீரென்று கனத்த மாதிரி அவர் உள்ளங்கையில் விழும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஒரு நீளமான பெருமூச்சு வரும், வயிறு குடுகுடு என்று சத்தம் போடும். மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, விரல்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் உருவிக்கொள்ள வேண்டும்.

இதில் கெடுக்கிற விஷயங்களும் பல. நகம் வெட்டாத விரல். எலும்புக்குக் கீழே இன்னும் இறங்கிக் கழுத்தெலும்பு முனைகளைக் குத்துவது. முகவாய் வானத்தைப் பார்க்கும்படி தலையை மல்லாத்துவது. முன்னங்கையை மேசையில் வைக்காமல் அந்தரத்தில் பிடிப்பதால் விரல் நடுங்குவது. படுத்திருப்பவருக்கு அந்த நடுக்கம் பூகம்பம் போலத் தெரியும். எல்லாவற்றையும்விட மோசம், முப்பது நொடியில் ‘ஆயிற்று’ என்று எடுத்துவிடுவது.

தாடையை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இரவில் பல்லைக் கடிக்கிறவருக்கு, பல்லை இறுக்கினால் கன்னத்தில் புடைக்கும் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் வெறும் மூன்று விரலால், எண்ணெய் இல்லாமல், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் மெல்ல வட்டமாக நீவினால் போதும். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கும், தசை பிடிபடாது. பல் தேய்ந்துபோகும் அளவுக்குக் கடிப்பவர் பல் மருத்துவரையும் பார்த்தாக வேண்டும்.

நேரம், எண்ணிக்கை, கெட்டுப்போகும் இடங்கள்

எத்தனை சிட்டிங் என்று கேட்டால் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு என்று ஒரு பேக்கேஜைத்தான் காட்டுவார்கள். நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 228 பேரை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. நான்கு வாரத்துக்கு, வாரம் இரண்டு மூன்று முறை 60 நிமிட மசாஜ் எடுத்தவர்களுக்குத் தெளிவான பலன். 30 நிமிடம் எடுத்தவர்களுக்கும் ஒன்றும் எடுக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. அது அளந்தது கழுத்துவலியை, தூக்கத்தை அல்ல. இருந்தாலும் கழுத்துவலியால் தூக்கம் கெட்டவருக்கு அரை மணி நேரச் சீட்டு வாங்குவது சிக்கனம் ஆகாது என்று எடுத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு, நான்கு வாரம், மொத்தம் எட்டு. அதற்குள் அசையாதது பன்னிரண்டாவதில் அசையப்போவதில்லை.

நேரம் மாலை. படுக்கைக்குப் போவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு முடிய வேண்டும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் 40 முதல் 42.5 டிகிரி சூட்டு நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 2019-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சூடேறிய தோல் ஆறும்போது உள்சூடும் இறங்குகிறது என்ற அதே கணக்கை இங்கும் போடலாம்.

இனி ஒரு விசித்திரம். மேசையிலேயே அசந்து தூங்கிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். சிகிச்சையாளருக்குப் பெருமை, வாடிக்கையாளருக்குத் திருப்தி. ஆனால் மாலை ஆறு ஏழு மணிக்கு அரை மணி நேரம் தூங்கினால் அன்றைக்கெல்லாம் சேர்ந்த தூக்கப் பசியில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துபோகும். பதினோரு மணிக்குப் படுக்கையில் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மாலை சிட்டிங்கில் குறட்டை வந்தால் தோளைத் தொட்டு எழுப்பச் சொல்லிவையுங்கள். தூங்கித் தொலைவது நிச்சயம் என்பவர்கள் காலை நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

முடிந்தபின் நடப்பதும் கணக்கில் வரும். மங்கலான அறையிலிருந்து வெளியே வந்ததும் வரவேற்பறையில் கண்ணைக் குத்தும் வெள்ளை விளக்கு, உரத்த பேச்சு, அடுத்த பேக்கேஜ் விற்பனை, பிறகு முக்கால் மணி நேரம் நெரிசலில் வண்டி. ஒரு மணி நேரம் தளர்த்திய தோள் ஸ்டியரிங் பிடித்தே திரும்ப ஏறிவிடும். புகழ்பெற்ற தொலைதூர இடத்தைவிட, நடந்து போய் வரும் தூரத்தில் இருக்கும் சுமாரான இடம் தூக்கத்துக்கு மேல்.

வகை வகையாக

மெனுவில் உள்ள பிரெஞ்சுப் பெயர்களுக்கு மிரள வேண்டாம். எஃப்ளோராஜ் என்றால் நீவல், பெட்ரிசாஜ் என்றால் பிசைதல், டாப்போட்மா என்றால் தட்டல். ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்று ஊரெல்லாம் சொன்னாலும் இந்தப் பெயர்களைப் பரப்பியவர் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். தூக்கத்துக்கு நீவல்தான் முக்கால் பங்கு, பிசைதல் கால் பங்கு. தட்டல் வேண்டவே வேண்டாம், அது எழுப்பிவிடும்.

பிசியோதெரபிஸ்டின் கைச்சிகிச்சை, தூக்கம் கெடுவதற்கு ஒரு குறிப்பிட்ட மூட்டோ தசையோ காரணமாக இருந்தால் முதல் தேர்வு. இடது தோளில் ஒருக்களித்தால் மூன்று மணிக்கு வலித்து எழுப்புகிறது என்பது போன்ற புகாருக்கு எண்ணெய் மசாஜைவிட இது மேல். கையோடு உடற்பயிற்சியும் தருவார்கள், படுக்கும் நிலையையும் மாற்றச் சொல்வார்கள். அறை வெளிச்சமாக இருக்கும், பக்கத்துத் திரைக்குப் பின்னால் இன்னொருவர் முனகிக்கொண்டிருப்பார். இதம் குறைவு, தீர்வு அதிகம்.

மண்டையோட்டுச் சிகிச்சையில் தலையை லேசாகப் பிடித்துக்கொண்டு, மூளைத் தண்டுவட நீரின் தாளத்தை உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்கிறார்கள். ஒரே ஆளை இரண்டு சிகிச்சையாளர்கள் தொட்டுப் பார்த்தால் அந்தத் தாளத்தின் எண்ணிக்கை ஒத்துவருவதில்லை. ஆகவே அந்த விளக்கத்தை ஓரமாக வைத்துவிடலாம். ஆனாலும் 2005-இல் 20 ஆரோக்கியமான பேரிடம் நடந்த முன்னோட்டச் சோதனையில், பிடரிக்குக் கீழ் கை வைக்கும் ஒரு முறை, சிகிச்சை மாதிரி பாவனை காட்டும் வெறும் தொடுதலைவிடச் சீக்கிரம் தூக்கத்தை வரவைத்தது. தூக்கமின்மை உள்ளவர்களிடம் செய்ததல்ல, எண்ணிக்கையும் சிறியது. அசையாத கை, அசையாத அறை, பேச்சில்லாத அரை மணி நேரம் பிடித்திருந்தால் வாங்கலாம். நோய் நீங்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

கழுத்துச் சொடுக்கு? தூக்கத்துக்காக வேண்டாம். தூக்கமின்மைக்கு அது உதவும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் பலன் தெரியாத காரியத்துக்கு அரிதான ஆபத்தும் அதிகம். ஏற்கெனவே செய்துகொண்டவருக்கு அதன்பின் இதுவரை இல்லாத மாதிரி கழுத்துவலி அல்லது தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், முகம் மரத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

இந்தச் சேவையின் பெரிய குறை இங்கேதான்: விற்கிறவர்கள் அளப்பதே இல்லை. ‘நல்லா தூங்கினீங்களா?’ என்று கேட்டு, ‘பரவாயில்லை’ என்ற பதிலைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். மனிதர்கள் சிகிச்சைக்கு வருவது தூக்கம் மிக மோசமான வாரத்தில். அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் தேறும். பெயர் மசாஜுக்குப் போகும். அதனால் முதல் சிட்டிங்குக்கு முன்பே இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதிவிட வேண்டும்.

காலையில் எழுந்ததும் ஆறு எண்கள்: படுத்த நேரம், விளக்கணைத்த நேரம், தூக்கம் வர ஆன நிமிடம், நடுவில் விழித்திருந்த மொத்த நிமிடம், கடைசியாக விழித்த நேரம், படுக்கையைவிட்டு எழுந்த நேரம். கடிகாரம் பார்க்கக் கூடாது, உத்தேசம் போதும். ராத்திரி மணி பார்ப்பதே ஒரு வியாதி. இரவு 10:30-க்குப் படுத்து உடனே விளக்கணைத்து, காலை 6:30-க்கு விழித்து எழுகிறவர் படுக்கையில் 480 நிமிடம். தூக்கம் வர 50, நடுவிழிப்பு 60 என்றால் தூங்கியது 370 நிமிடம், அதாவது 77 சதவீதம். நான்கு வாரம் கழித்து 30-ம் 35-மாக இறங்கினால் தூங்கியது 415, சதவீதம் 86. பொதுவாக 85-ஐத் தாண்டினால் நல்ல தூக்கம் என்பார்கள். இது உண்மையான முன்னேற்றம்.

கூடவே தூக்கமின்மைத் தீவிர அளவுகோல் என்ற ஏழு கேள்வித் தாளை ஆரம்பத்திலும் முடிவிலும் நிரப்புங்கள். 0 முதல் 28 வரை மதிப்பெண். 15-உம் அதற்கு மேலும் மருத்துவரிடம் போக வேண்டிய தூக்கமின்மை. 6 மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் வித்தியாசம் என்று சொல்லத்தக்கது. கைக்கடிகாரக் கருவியின் வரைபடத்தை இதற்கு நம்ப வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதை அது தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். மசாஜ் ஆளை அசையாமல் கிடத்துவதில் கெட்டி, கருவி ஏமாந்துபோகும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அதற்கு முதல் சிகிச்சை மாத்திரையும் இல்லை, மசாஜும் இல்லை. படுக்கை நேரத்தைச் சுருக்கி, படுக்கைக்கும் கவலைக்கும் உள்ள தொடர்பை அறுக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதற்குத் துணையாக மசாஜை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்த நடத்தைச் சிகிச்சையின் முதல் இரண்டு வாரம் கடுமையானது, உடம்பு கெஞ்சும். அந்த நேரத்தில் இந்த ஒரு மணி நேரம் ஆறுதல்.

யார் மேசையில் ஏறக் கூடாது, ஏறுகிறவர் என்ன சொல்ல வேண்டும்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்த உறைவாக இருக்கலாம். அதை அமுக்கவே கூடாது, அன்றே மருத்துவர். காய்ச்சல், தோல் தொற்று, புது எலும்பு முறிவு இருந்தால் தள்ளிப்போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், எலும்பு மெலிந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் முன்கூட்டியே சொல்லி, மென்மையான நீவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளை ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாக்கக் கிடத்தாமல் ஒருக்களித்தே செய்ய வேண்டும். கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கும் இடத்தில் யாருக்கும் அழுத்தம் வேண்டாம். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று விழுந்து மயக்கம் வரலாம். மாலையானால் கால் குடைகிறவர் பிசைந்துவிடச் சொல்வதற்கு முன் ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைவு அந்தக் குடைச்சலுக்கு ஒரு தெரிந்த காரணம்.

தூக்க மாத்திரையில் இருப்பவர் முதல் நல்ல இரவைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. மாத்திரைகளின் தொல்லை நிஜம்தான். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்குப் பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாக 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறைத்தது, மறுநாள் காலையிலும் மப்பு இறங்காமல் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதற்காக. ஆனால் பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ‘நாலு சிட்டிங்கில் மாத்திரையை நிறுத்திடலாம்’ என்று சொல்லும் இடத்திலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வீட்டில் ஆறு நிமிடம்

எட்டு சிட்டிங்கில் பலன் தெரிந்தவர் வாழ்நாள் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1998-இல் மருத்துவமனையில் இதய நோய்க்காகத் தங்கியிருந்த முதியவர்கள் 69 பேரிடம் நடந்த சோதனையில் ஒரு பிரிவினருக்குச் செவிலியர் கொடுத்தது வெறும் ஆறு நிமிட முதுகு மசாஜ். அன்றிரவு அவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம் தூங்கியதாக மூளை அலைப் பதிவு காட்டியது. ஒரே ஓர் இரவின் கணக்குதான், அதுவும் தூங்க விடாத மருத்துவமனை வார்டில். இருந்தாலும் ஆறு நிமிடத்துக்கு இது பெரிய கூலி.

வீட்டில் ஒருவர் துணை இருந்தால் செய்முறை எளிது. படுக்கிறவர் தன் வழக்கமான பக்கம் ஒருக்களித்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளட்டும். பல் விளக்கி, கதவு பூட்டி, இனி எழ வேண்டிய வேலை ஒன்றும் இல்லாத பிறகுதான் ஆரம்பம். கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அல்லது மெல்லிய துணிக்கு மேலாகவே. உள்ளங்கை முழுவதும் பட, முதுகெலும்புக்கு மேல் போகாமல் இரு பக்கமும், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு நீவல். ஒரு கை எடுக்குமுன் மறு கை வந்து உட்கார வேண்டும். தொடுதல் அறுந்தால் உடம்பு ‘முடிந்ததா’ என்று விழித்துப் பார்க்கும். நான்கு நிமிடம் முதுகு, கடைசி இரண்டு நிமிடம் தோளிலிருந்து முழங்கைவரை. கட்டைவிரலால் குத்திப் பார்ப்பது, முடிச்சுத் தேடுவது எதுவும் வேண்டாம்.

தனியாக இருப்பவர் இரண்டு டென்னிஸ் பந்துகளைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு இறுக முடிந்து, மல்லாக்கப் படுத்து, பிடரிப் பள்ளத்துக்கு அடியில் வைத்து மூன்று நிமிடம் தலையைச் சும்மா விட்டால் மேலே சொன்ன விரல் பிடியில் பாதி கிடைக்கும். தலையை உருட்ட வேண்டாம். பந்தின் மேலேயே தூங்கிவிட்டால் காலையில் பின்தலை மரத்திருக்கும், ஆகவே மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். பிறகு பாதத்துக்கு ஒரு பக்கம் இரண்டு நிமிடம், சூடு வரும்வரை தேய்த்து சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

துணைக்கு நீவிவிடுகிறவருக்கு ஒரு வேண்டுகோள். ஆறு நிமிடம் முடிந்ததும் ‘எப்படி இருந்தது, தூக்கம் வருதா?’ என்று கேட்காதீர்கள். கையை ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்து, மெதுவாக எடுத்து, போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.